ரெசின் உருவத்தில் ப்ரைமர் உரிந்து வருகிறது, இறக்கையும் நிற்கவில்லை

கேள்வி

வணக்கம். இறக்கை வைத்த ஒரு வீராங்கனையின் மினியேச்சர் உருவத்தை (32 மி.மீ. அளவு) கிட்பாஷ் செய்துகொண்டிருக்கிறேன், அதாவது வெவ்வேறு மாடல் கிட்டுகளின் பாகங்களைச் சேர்த்து உருவாக்குகிறேன். உடம்பு, மேலங்கி, வாள் எல்லாம் பாலியூரிதேன் ரெசின் வார்ப்பு. இறக்கைகள் ஒரு டிராகன் கிட்டிலிருந்து எடுத்தவை, அவையும் ரெசின்தான். கேடயம் பிடித்த இடது கை மட்டும் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக். ஒட்டியது சூப்பர் க்ளூவில். அதன்மேல் ஸ்ப்ரே ப்ரைமர் (பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு), பிறகு அக்ரிலிக் பெயின்ட்.

மாஸ்கிங் டேப்பை எடுத்தபோது இறக்கையிலும் மேலங்கி மடிப்பிலும் ப்ரைமர் தோல் தோலாக உரிந்து வந்துவிட்டது. பிளாஸ்டிக் கையில் ஒன்றும் ஆகவில்லை. வலது இறக்கை லேசாகத் தட்டினாலே கழன்றுவிடுகிறது. கழன்ற இடத்தில் உடம்புப் பக்கம் க்ளூ பளபளவென்று படிந்திருக்கிறது, இறக்கைப் பக்கம் துளிகூட இல்லை. இடது இறக்கையின் உட்குழிவு மணல் தூவியதுபோல் சொரசொரக்கிறது. வாளும் வளைந்திருக்கிறது. பாகங்களை முன்பே தண்ணீரில் அலசியிருந்தேன், சோப்பு போடவில்லை. எல்லாவற்றையும் கலைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

பதில் 1

முழுக்கக் கலைக்க வேண்டாம். எங்கே உரிந்தது, எங்கே உரியவில்லை என்று நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. பிளாஸ்டிக்கில் பிடித்திருக்கிறது, ரெசினில் பிடிக்கவில்லை. ஆக ப்ரைமரில் குறையில்லை. சிலிக்கோன் அச்சிலிருந்து வார்ப்பு சுலபமாகக் கழன்று வருவதற்காக ரிலீஸ் ஏஜென்ட் அடிப்பார்கள். அந்த எண்ணெய்ப்பசை வார்ப்பின் மேல் தங்கிவிடும், வெறும் தண்ணீருக்குப் போகாது. மடிப்பு, பள்ளம், செதில் இடுக்கு இங்கெல்லாம்தான் அதிகம் தேங்கும்.

உரிந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாகத் திரண்டு நின்றால் பசை இன்னும் இருக்கிறது. மெல்லப் படர்ந்தால் சுத்தமாகிவிட்டது.

இறக்கைகள், மேலங்கி இவற்றில் மட்டும் பெயின்ட்டை எடுங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய டூத் பிரஷ் போதும். ஊறப்போட நினைத்தால், வார்ப்போடு வந்த காம்புத் துண்டு ஒன்றை முதலில் 10 நிமிடம் ஊறவைத்து நகத்தால் அழுத்திப் பாருங்கள், சில ரெசின்கள் இளகும். அசிட்டோன் வேண்டவே வேண்டாம்: ரெசினைக் கெடுக்கும், பிளாஸ்டிக் கையைக் கரைத்துவிடும், க்ளூ மூட்டுகளையும் அவிழ்க்கும். ஆல்கஹால் தீப்பற்றக்கூடியது, ஜன்னலைத் திறந்து வைத்துக் கையுறையோடு வேலை செய்யுங்கள்.

அடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு விட்டுத் தேய்த்து அலசுங்கள். ஓர் இரவு காயட்டும். அதற்கப்புறம் வெறுங்கையால் தொடாதீர்கள், விரல் எண்ணெயும் இதே வேலையைச் செய்யும்.

பதில் 2

இறக்கை விஷயம். க்ளூ ஒரு பக்கம் மட்டும் தங்கியிருக்கிறது என்றால் மறுபக்கத்தை அது பிடிக்கவே இல்லை. காரணம் மேலே சொன்ன அதே பசை. ஆனால் கழுவிவிட்டு மறுபடி ஒட்டினாலும் இந்த மூட்டு நிலைக்காது. சூப்பர் க்ளூ நேராக இழுத்தால் தாங்கும், அதிர்ச்சியையும் பக்கவாட்டு விசையையும் தாங்காது. இறக்கை நீளமானது, நுனியில் விழும் சின்னத் தட்டும் அடியில் பல மடங்காக நெம்பும். கம்பி செருகியே ஆக வேண்டும்.

தேவையானவை: 1 மி.மீ. பித்தளைக் கம்பி, பின் வைஸ் (பிட்டைப் பிடித்துக் கையால் சுற்றும் சின்னக் கருவி), 0.8 மற்றும் 1 மி.மீ. டிரில் பிட். பழைய க்ளூவைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்து, இரு பரப்பையும் உப்புத்தாளால் கீறிவிடுங்கள். முதலில் இறக்கை அடியில் 0.8 பிட்டால் 4 மி.மீ. ஆழம் துளையுங்கள், பிறகு 1 மி.மீ. பிட்டால் அகலப்படுத்துங்கள். துளையின் வாயில் பெயின்ட் ஒரு பொட்டு வைத்து இறக்கையை முதுகில் சரியான கோணத்தில் அழுத்தினால் எதிர்த்துளைக்கான இடம் பதியும். உடம்புப் பக்கம் 5 அல்லது 6 மி.மீ. போகலாம். இடம் இருந்தால் ஓர் இறக்கைக்கு இரண்டு கம்பி: ஒன்று மட்டும் இருந்தால் இறக்கை அதையே அச்சாக வைத்துச் சுழலும். பிட்டைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள், இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துகளைத் தட்டுங்கள். அவசரப்பட்டால் பிட் உள்ளேயே முறியும்.

ஒட்டுவதற்கு இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி பசை நல்லது, கோணத்தைச் சரிசெய்ய நேரம் கிடைக்கும். சூப்பர் க்ளூதான் என்றால் ஜெல் வகை, மெல்லிய படலமாக. நிறையப் போட்டால் பலம் கூடாது, ஆவி படிந்து சுற்றிலும் வெண்பூச்சுதான் விழும்.

ரெசினைத் தேய்க்கும்போது உப்புத்தாளையும் பாகத்தையும் ஈரமாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. துளைக்கும்போது என்95 முகக்கவசம் அவசியம்.

பதில் 3

பிளாஸ்டிக் கைக்கு பிளாஸ்டிக் சிமென்ட் போடலாமே? சூப்பர் க்ளூவைவிட அது பலமானதாயிற்றே.

பதில் 2

பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக் சேரும் இடத்தில் சரி. அந்தச் சிமென்ட் பாலிஸ்டைரீனை இளக்கி இரண்டையும் ஒன்றாக உருக்கிவிடும். ரெசினை அது இளக்காது. இங்கே தோள் ரெசின், அதனால் கைக்கும் சூப்பர் க்ளூதான்.

பதில் 4

சொரசொரப்பு: ஸ்ப்ரே துளி பரப்பைத் தொடும் முன்பே காற்றில் காய்ந்து தூசாக விழுந்திருக்கிறது. தூரத்திலிருந்து அடித்தாலோ, வெக்கையான வறண்ட காற்றில் அடித்தாலோ இப்படி ஆகும். உட்குழிவில் காற்று சுழல்வதால் அங்கே இன்னும் மோசம். எப்படியும் இறக்கைப் பெயின்ட்டை எடுக்கப்போகிறீர்கள், அதோடு போய்விடும். அடுத்த முறை 20 முதல் 25 செ.மீ. தூரம், உருவத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும் சின்னச் சின்ன வீச்சு. ஸ்ப்ரே எட்டாத குழிவுக்குப் பிரஷ்ஷால் பூசும் ப்ரைமர்.

வாள்: ரெசின் சூட்டில் இளகும். 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் அரை நிமிடம் பிடித்து, நேராக்கி, அப்படியே குளிர்ந்த தண்ணீரில் முக்குங்கள். மேலே பெயின்ட் இருந்தால் அது விரிசல் விடும், அதை முதலில் எடுத்துவிடுங்கள். மெல்லிய வாள் நாளடைவில் திரும்பவும் வளையலாம். ஈட்டிக் காம்பாக இருந்தால் வெட்டிவிட்டுப் பித்தளைக் கம்பியே வைக்கச் சொல்வேன்.

கேட்டவர்

மிக்க நன்றி. தண்ணீர்ச் சொட்டு இறக்கையில் முத்தாகத்தான் நின்றது. சோப்பு போட்டுக் கழுவியதும் படர்கிறது. இன்னும் இரண்டு சந்தேகம். இறக்கையை மாட்டிவிட்டுப் பெயின்ட் அடிப்பதா, அடித்துவிட்டு மாட்டுவதா? தனியாக அடித்தால் மூட்டு இடைவெளியை கிரீன் ஸ்டஃப் (இரண்டு பாகத்தைப் பிசைந்தால் இறுகும் எபாக்ஸி புட்டி) வைத்து எப்போது அடைப்பது?

பதில் 1

தனியாகவே அடியுங்கள். மாட்டிவிட்டால் முதுகுக்கும் இறக்கை உட்புறத்துக்கும் பிரஷ் போகாது. இடைவெளியை மட்டும் பெயின்ட்டுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். அதற்கு வழி இருக்கிறது.

கிரீன் ஸ்டஃப்பின் மஞ்சளையும் நீலத்தையும் சம அளவு எடுங்கள். நாடாவாக வந்திருந்தால் இரு நிறமும் தொடும் நடுக்கோட்டை 1 அல்லது 2 மி.மீ. வெட்டி எறியுங்கள், அங்கே முன்பே இறுகிய கட்டிகள் இருக்கும். கோடு தெரியாமல் ஒரே பச்சையாகும்வரை பிசையுங்கள். முதுகுத் துளைகளைச் சுற்றி வாஸ்லின் மிக மெல்லிதாகத் தடவி, இறக்கை அடியில் பச்சையை வைத்து, கம்பியோடு செருகி அழுத்துங்கள். பிதுங்குவதை ஈரமான கருவியால் தசை மாதிரி இழுத்து விடுங்கள். வடிவம் கொடுக்க ஒரு மணி நேரம்போல் கிடைக்கும். 24 மணி நேரம் இறுகியதும் இறக்கையைக் கழற்றினால் முதுகுக்கு அச்சாகப் பொருந்தும் விளிம்பு இறக்கையோடு வரும். வாஸ்லினை சோப்பு போட்டு முழுக்கக் கழுவுங்கள், இல்லாவிட்டால் ப்ரைமர் மறுபடி உரியும்.

கிரீன் ஸ்டஃப் ரப்பர்த்தன்மை கொண்டது, அரம் போட்டால் பிசிறும். தேய்த்து மட்டப்படுத்த வேண்டிய இடத்துக்கு மில்லிபுட் என்ற இன்னொரு எபாக்ஸி புட்டிதான் சரி.

ப்ரைமருக்கு முன் ஒட்டும் பரப்புகளை டேப்பால் மூடிவிடுங்கள். பெயின்ட் மேல் ஒட்டினால், அந்தப் பெயின்ட் எவ்வளவு பிடித்திருக்கிறதோ அவ்வளவுதான் மூட்டின் பலம்.

பதில் 4

நிறம் பற்றி ஒன்று. மூன்று கிட்டிலிருந்து வந்த பாகங்கள் ஒரே உயிராகத் தெரிய வேண்டுமானால் நிழல் நிறம் ஒன்றாக இருக்க வேண்டும். அடர்ந்த ஊதாக் கலவை ஒன்றைத் தயாரித்து, தோல், மேலங்கி, இறக்கைச் சவ்வு மூன்றின் நிழலிலும் அதையே கலந்துவிடுங்கள். கிட்பாஷில் இதைவிடப் பயன் தரும் உத்தி எனக்குத் தெரிந்து இல்லை. சவ்வுக்கு ஒரு பங்கு பெயின்ட்டுக்கு நாலைந்து பங்கு தண்ணீர் அல்லது மீடியம் (பெயின்ட்டை நீர்க்கச் செய்யும் நிறமில்லாத திரவம்) கலந்து, பிரஷ்ஷைத் துணியில் ஒற்றி, எலும்பை நோக்கி இழுங்கள். பிரஷ் எடுக்கும் இடத்தில்தான் நிறம் சேரும். ஒவ்வொரு படலமும் முழுக்கக் காய்ந்த பிறகு அடுத்தது.

வார்னிஷ் கடைசியில், இறக்கை மாட்டிய பிறகு: முதலில் கிளாஸ் (பளபளப்பான வகை) ஒரு மெல்லிய படலம், காய்ந்ததும் மேட் (பளபளப்பில்லாத வகை). ஈரப்பதம் அதிகமான நாளில் மேட் ஸ்ப்ரே அடித்தால் வெளுத்துப்போகும். அப்படி ஆனால் மேலே ஒரு கிளாஸ் படலம் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும்.