சிங்கப்பூரில் அரை நாள்: லிட்டில் இந்தியாவா, சைனாடவுனா?

கும்பகோணத்தான்:
அடுத்த மாதம் அம்மாவோடு சிங்கப்பூர் வருகிறேன். ஊர் சுற்ற அரை நாள்தான் கையில் இருக்கிறது. லிட்டில் இந்தியா பார்த்தால் போதும் என்கிறான் அங்கே இருக்கிற தம்பி. அம்மாவுக்குப் பழைய கோயில், பழைய கட்டடம் என்றால் உயிர், ஆனால் முட்டி வலி. எங்கே போகலாம்?

பழைய தெரு:
சேலை எடுக்கவும் சாப்பிடவும் லிட்டில் இந்தியா சரி. பழசு வேண்டுமென்றால் சைனாடவுன்தான், பேரைப் பார்த்து விட்டுவிடாதீர்கள். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில்தான் சிங்கப்பூரிலேயே ஆகப் பழைய இந்துக் கோயில்; 1819இல், இங்கே ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸோடு பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை 1827இல் எழுப்பியது. அதே சாலையில் கொஞ்சம் தள்ளி, சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்களின் ஜாமியா பள்ளிவாசல். பக்கத்தில் பகோடா ஸ்ட்ரீட் என்று ஒன்று இருக்கிறதே, அந்தப் பகோடா எது என்று நினைக்கிறீர்கள்? நம் மாரியம்மன் கோபுரம்தான்! மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.

உப்புக்காற்று:
அப்புறம் தெலுக் ஆயர் தெருவை விடாதீர்கள். இன்று சுற்றிலும் ஆபீஸ் கட்டடங்கள், அன்று அதுதான் கடற்கரை, கடலைத் தூர்த்தது பிறகுதான். கப்பலில் வந்தவர்கள் உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றி சொன்ன இடங்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன: சீனர்கள் கடல் தேவதை மாசூவுக்குக் கட்டிய தியான் ஹொக் கெங் (1839-42), நம்மவர்கள் நாகூர் ஆண்டவர் நினைவாகக் கட்டிய தர்கா (1828-30), அப்புறம் அல்-அப்ரார் பள்ளிவாசல். 1827இல் வெறும் குடிசையாக இருந்ததால் அதற்குக் குச்சுப் பள்ளி என்று பேர். மூன்றும் ஒரே தெருவில், அம்மாவுக்குப் பெரிய நடை இருக்காது. மாரியம்மன் கோயிலிலிருந்து அங்கே வர மட்டும் டாக்சி பிடியுங்கள்.

சும்மா_வந்தேன்:
புத்தர் பல் கோயிலை யாரும் சொல்லவில்லையே? 2007இல் திறந்ததுதான், பழசு என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கம், லிஃப்ட் உண்டு, உள்ளே ஏசி. முட்டி வலிக்கு அதைவிட என்ன வேண்டும்?

கும்பகோணத்தான்:
எல்லோருக்கும் நன்றி. காலை எட்டு மணிக்கு மாரியம்மனில் ஆரம்பித்து, பல் கோயிலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு, டாக்சியில் தெலுக் ஆயர். தம்பியிடம் இதைக் காட்டினேன், ஆறு வருஷமாக அங்கே இருக்கிறவன் அந்தத் தெருப் பக்கம் போனதே இல்லையாம். அவனையும் இழுத்துக்கொண்டு போகிறோம்.