கோரைக்குள் சிவப்புக் குருவி, என்ன பறவை?

கரைநடை: செங்கல்பட்டு பக்கம் ஒரு ஏரிக்கரை. கோரைக்குள் சிட்டுக்குருவியை விடச் சின்னதாக ஒன்று, உடம்பெல்லாம் குங்குமச் சிவப்பு, அதன்மேல் வெள்ளைப் பொட்டுகள். கூடவே நாலைந்து பழுப்புக் குருவிகள், அதே சிவப்பு அலகு. எல்லாம் ஒரே இனமா?

புல்வெளி: ஒரே இனம்தான், சிவப்புச் சில்லை. பொட்டு வைத்தது ஆண். அந்தச் சிவப்பு இனப்பெருக்கக் காலத்தில் மட்டும்தான், அப்புறம் இறகு உதிர்ந்து அதுவும் பழுப்பாகிவிடும், அதனால் பழுப்பாக இருப்பதையெல்லாம் பெண் என்று குறித்துவிடாதீர்கள்.

கரைநடை: சரி, புள்ளிச் சில்லையிலிருந்து எப்படிப் பிரிப்பது?

புல்வெளி: பறக்கும்போது வால் தொடங்கும் இடத்தைப் பாருங்க. வளர்ந்த பறவை என்றால் ஆணோ பெண்ணோ, எந்தப் பருவத்திலும் அங்கே சிவப்பு தெரியும். புள்ளிச் சில்லைக்கு அலகு கருப்பு, வயிற்றில் மீன் செதில் மாதிரி கோடுகள். இளம் பறவைக்கு இந்தச் சிவப்பு கிடையாது, அங்கேதான் எல்லாரும் குழம்புவார்கள்.

ஒற்றைக்கண்ணாடி: படம் போட்டால் ஏரியின் பெயர் வேண்டாம். கூண்டுக்குப் பிடிக்கிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள், சாதாரணச் சில்லைக்குச் சாயம் பூசி விற்கிற கூத்தும் நடக்கிறது.