சிபியூவுக்கு நாமே செய்த செம்பு வாட்டர் பிளாக்: செய்து பார்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்க

கோவை, கணபதி

பம்ப் செட்டுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் பட்டறை எங்களுடையது. இரண்டு லேத், ஒரு மில்லிங், ஒரு பெஞ்ச் டிரில். 2012 கோடையில் என் ஐ5-2500கே பிராசஸரை அதன் வழக்கமான வேகத்தைத் தாண்டி 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அறையில் 33 டிகிரி, முழு வேலை கொடுத்தால் பிராசஸர் 84. ஒரு நாள் பட்டறை மூலையில் கிடந்த பஸ்பார் துண்டு கண்ணில் பட்டது. எலெக்ட்ரிகல் பேனலுக்குப் போடும் சுத்தமான செம்புப் பட்டை, 12 மி.மீ. தடிமன். வாட்டர் பிளாக்குக்கு, அதாவது பிராசஸரின்மேல் உட்கார்ந்து அதன் சூட்டை உள்ளே ஓடும் தண்ணீருக்குக் கொடுக்கும் கட்டைக்கு, இதைவிட நல்ல செம்பு எங்கே கிடைக்கப் போகிறது என்று அன்றைக்கே எடுத்து வைத்துவிட்டேன்.

முதல் பிளாக் 50 மி.மீ. சதுரம். பக்கவாட்டில் 6 மி.மீ. துளைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, வெளி முனைகளைத் திருகு வைத்து அடைத்தேன். துளைக்கு அடியில் 4 மி.மீ. செம்பு விட்டிருந்தேன். பளபளவென்று பார்க்க நன்றாக இருந்தது. மாட்டி ஓட்டினால் 79. ஐந்தே டிகிரி. இரண்டு வார உழைப்புக்கு இதுதானா என்று மனசு விட்டுப் போய்விட்டது.

பம்ப் பத்தவில்லை என்று நினைத்து, மீன்தொட்டிப் பம்ப்பை எடுத்துவிட்டுப் பெரிதாக ஒன்று போட்டேன். இரண்டு டிகிரிகூட இறங்கவில்லை. அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் ஓடினால், அது ஒரு டிகிரி சூடேற 70 வாட் வேண்டும். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடுகிறதென்றால் 130 வாட் பிராசஸரால் அந்தத் தண்ணீரை அரை டிகிரிகூட ஏற்ற முடியாது. உள்ளே போகிற தண்ணீரும் வெளியே வருகிற தண்ணீரும் கைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அப்படியென்றால் தண்ணீரின் அளவில் குறை இல்லை. சூடு செம்பிலிருந்து தண்ணீருக்கு இறங்குகிற இடத்தில்தான் குறை.

பெரியப்பா பாய்லர் வேலை பார்த்தவர். பிளாக்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எத்தனை தண்ணி ஓடுதுங்கறதை விடு கண்ணு, எங்க ஒரசுதுன்னு பாரு" என்றார். விஷயமே அதுதான். செம்பின் வெப்பக் கடத்துதிறன் 400 என்றால் தண்ணீருக்கு 0.6 தான். 6 மி.மீ. துளையின் நடுவில் மெதுவாகப் போகிற தண்ணீருக்குச் சுவரில் சூடு இருப்பதே தெரியாது. வாய்க்கால் அரை மி.மீ. அகலம் என்றால் எந்தத் துளியும் ஏதாவதொரு சுவரிலிருந்து கால் மி.மீ.க்குள்தான் இருக்க முடியும். 1981இல் ஸ்டான்ஃபோர்டில் டக்கர்மனும் பீஸும் சிலிக்கான் துண்டிலேயே 50 மைக்ரான் அகல வாய்க்கால்கள் செதுக்கித் தண்ணீர் விட்டு, சதுர செ.மீ.க்கு 790 வாட் வரை வெளியேற்றிக் காட்டினார்கள். சின்ன வாய்க்காலின் பலம் அவ்வளவு. நம் மெஷினில் 50 மைக்ரான் நடக்காது, அரை மி.மீ. நடக்கும்.

இரண்டாவது பிளாக்குக்கு 5 மி.மீ. தகடு. நடுவில் 30 மி.மீ. சதுரத்தில் மட்டும், 0.5 மி.மீ. ஸ்லிட்டிங் ஸா (சந்து வெட்டும் மெல்லிய வட்ட ரம்பம்) போட்டு 3 மி.மீ. ஆழத்துக்கு 30 வெட்டு. அடியில் மிச்சம் 2 மி.மீ. முதல் பிளாக்கில் இதே 30 மி.மீ. சதுரத்துக்கு மேலே தண்ணீர் தொட்ட பரப்பு சுமார் 17 சதுர செ.மீ. இதில் 58.

வெட்டும்போது பட்ட பாட்டைச் சொல்லியே ஆக வேண்டும். சுத்தச் செம்பு பிசின் மாதிரி. பிசிறு ஸாவின் பல்லுக்குள் ஒட்டி அடைத்துக்கொள்ளும். ஏழாவது வெட்டில் ஸா பட்டென்று உடைந்தது. அடுத்த ஸாவுக்கு வேகத்தைக் குறைத்து, மண்ணெண்ணெயில் தேங்காய் எண்ணெய் கலந்து பிரஷ்ஷால் தொட்டுக்கொண்டே இருந்தேன். ஒரே மூச்சில் 3 மி.மீ. இறக்காமல் ஒவ்வொரு மி.மீ. ஆக மூன்று முறை. அப்போது வேறொரு தொல்லை வந்தது. பக்கத்து வெட்டு விழும்போது அரை மி.மீ. தடிமனுள்ள சுவர், காற்றடித்த நெல் மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அதற்கு மெழுகுவர்த்தியை உருக்கி வெட்டின சந்திலெல்லாம் ஊற்றி ஆறவிட்டேன். மெழுகு சுவரைப் பிடித்துக்கொண்டது. மீதி வெட்டுகள் ஒன்றுகூடச் சாயவில்லை. கடைசியில் கொதிநீரில் போட்டதும் மெழுகு மிதந்து வந்துவிட்டது. சந்தில் மிஞ்சியதைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் சோப்பும் வைத்து எடுத்தேன்.

தண்ணீர் ஓரத்தில் நுழைந்து மறு ஓரத்தில் வெளியேறும்படி வைக்கவில்லை. மேல்மூடியில் நடுவே ஒரு நீளப் பிளவு. அது வழியாகத் தண்ணீர் நேரே வெட்டுகளின் நடுவில் குத்தி, இரண்டு பக்கமும் பிரிந்து ஓடும். சில்லு இருப்பது நடுவில்தானே, புதுத் தண்ணீர் முதலில் அங்கே விழட்டும் என்றுதான். பாதையும் பாதியாகிறதால் பம்ப்புக்கும் சிரமம் குறைவு.

அடிப்பகுதியைத் தேய்த்ததில் ஒரு தப்பு செய்தேன். கண்ணாடித் தகட்டின்மேல் 400, 800, 1200 எமரி தாள் போட்டுத் தேய்க்கும்போது கை ஆடியிருக்கிறது. எங்கே தொடுகிறது என்று காட்டும் நீல மையை, புளூ என்போம், தடவிப் பார்த்தால் நடு மட்டும் தொட்டு, நாலு ஓரமும் தொடாமல் நின்றது. மறுபடி 400இலிருந்து ஆரம்பித்து, பிளாக்கை விளிம்போடு ஒட்டித் தாழ்வாகப் பிடித்துக்கொண்டு தேய்த்த பிறகுதான் புளூ எல்லா இடத்திலும் ஒரேமாதிரி படிந்தது.

அதே அறை, அதே 33 டிகிரி. 64. அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ராத்திரி 11 மணிக்குப் பெரியப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். உங்கள் அனுபவத்தையும் எழுதுங்க.

சென்னை, அம்பத்தூர்

அண்ணா, மெழுகு யோசனைக்கு நன்றி. நான் டூல் ரூமில் வேலை பார்க்கிறேன், என்னுடைய பிளாக்கிலும் பாதிச் சுவர் சாய்ந்துதான் வந்தது. எனக்கு அடி விழுந்தது மூடியில்.

உள்ளே தண்ணீர் ஓடுவது தெரியட்டும் என்று 12 மி.மீ. அக்ரிலிக்கில் மூடி போட்டேன். கடையில் கிடைத்த பித்தளை நிப்பிளில் டெஃப்லான் டேப் சுற்றி முடுக்கினேன். அது டேப்பர் மரை. முடுக்க முடுக்க ஆப்பு மாதிரி அகலும். இரும்பு தாங்கும், அக்ரிலிக் தாங்காது. ராத்திரி ஒன்றும் தெரியவில்லை. காலையில் துளையிலிருந்து ஓரம் வரைக்கும் தலைமுடி போல ஒரு விரிசல், கிராபிக்ஸ் கார்டின்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கார்டு போய்விட்டது. ஆறு மாதம் சேர்த்து வாங்கின கார்டு.

வாட்டர் கூலிங் ஃபிட்டிங் எல்லாம் ஜி 1/4 என்கிற அளவு, நேர் மரை. 11.8 மி.மீ. டிரில் போட்டு, இன்ச்சுக்கு 19 மரை போடும் மரை வெட்டும் டேப்பால் வெட்ட வேண்டும். தண்ணீரை நிறுத்துவது மரை இல்லை, ஃபிட்டிங்கின் கழுத்தில் இருக்கும் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம். கையால் முடுக்கினாலே போதும். மூடிக்கும் செம்புக்கும் நடுவிலும் இதே கதைதான். 2 மி.மீ. ஓ-ரிங்குக்கு 1.5 மி.மீ. ஆழக் காடி வெட்டினேன், கால்வாசி நசுங்கி உட்கார்ந்துகொண்டது. அக்ரிலிக்கைத் தின்னரால் துடைக்கவே கூடாது. நான் துடைத்தேன், திருகுத் துளைகளைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி கோடு ஓடிவிட்டது.

இப்போதெல்லாம் மதர்போர்டில் மாட்டுவதற்கு முன்னால் 24 மணி நேரம் தனியாக ஓட விடுகிறேன். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸின் 24 பின் கனெக்டரில் பச்சை ஒயரையும் ஒரு கருப்பு ஒயரையும் இணைத்தால் பம்ப் மட்டும் ஓடும். ஒவ்வொரு மூட்டுக்கு அடியிலும் டிஷ்யூ பேப்பர். ஒரு சொட்டு விழுந்தாலும் பேப்பர் சொல்லிவிடும்.

மதுரை

என் பிளாக்கில் குறை எதுவும் இல்லை. தண்ணீரின் சூட்டைக் காற்றில் விடுகிற ரேடியேட்டரில்தான் ஏமாந்தேன். பழைய இரும்புக் கடையில் ஒரு காரின் ஹீட்டர் கோர் (காருக்குள் சூடு கொடுக்கும் சின்ன ரேடியேட்டர்) மலிவாகக் கிடைத்தது, அலுமினியம். முதல் மாதம் அருமையாக ஓடியது. அப்புறம் வாரத்துக்கு ஒரு டிகிரி, இரண்டு டிகிரி என்று ஏறிக்கொண்டே வந்தது. பிராசஸருக்கும் பிளாக்குக்கும் நடுவில் தடவும் பேஸ்ட் மாற்றினேன், ஃபேன் மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாவது மாதம் பிளாக்கைத் திறந்தால் வாய்க்கால் முழுக்க வெள்ளையும் சாம்பலுமாகக் களிம்பு, தயிர் ஏடு மாதிரி. செம்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் நனைந்தால் பேட்டரி மாதிரிதான், அலுமினியம் கரைந்துகொண்டே போகும். ஹீட்டர் கோரில் ஊசித் துளைகள் விழ ஆரம்பித்திருந்தன. இன்னும் ஒரு மாதம் கவனிக்காமல் விட்டிருந்தால் போர்டே போயிருக்கும்.

இப்போது பழைய ஜன்னல் ஏசியின் காயிலை வெட்டிப் போட்டிருக்கிறேன். வெளியில் இருக்கும் தகடுகள் அலுமினியம்தான். ஆனால் தண்ணீர் தொடுவது உள்ளே இருக்கிற செம்புக் குழாயை மட்டும். தண்ணீருக்குப் பேட்டரி தண்ணீர், அதோடு கொஞ்சம் கார் கூலன்ட். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம். அரை மி.மீ. சந்தில் உப்புப் படிந்தால் சுரண்டி எடுக்கக்கூட முடியாது.

சென்னை, வேளச்சேரி

தம்பிகள் யாரும் ஐஸ் போட்டு முயற்சி செய்ய வேண்டாம். மே மாதத்தில் பக்கெட்டில் ஐஸ் கட்டி போட்டு அந்தத் தண்ணீரை ஓட்டினேன். பிராசஸர் 30க்குக் கீழே போனதும் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்தில், ஐஸ் வாட்டர் பாட்டில் வியர்க்குமே, அதேபோல பிளாக்கும் டியூபும் வியர்த்துப் போர்டில் இறங்கிவிட்டது. லீக் எங்கே என்று தேடினேன், லீக்கே இல்லை. சென்னைக் காற்றின் ஈரம்தான். அறை வெப்பத்துக்குக் கீழே தண்ணீரைக் கொண்டுபோகாதவரைக்கும் இந்தப் பயம் கிடையாது.

கோவை, கணபதி

அம்பத்தூர் தம்பி, கார்டு போனதைப் படிக்கும்போது கஷ்டமாக இருந்தது. டேப்பர் மரை விஷயத்தை நானே முதலில் எழுதியிருக்க வேண்டும். மூடிக்கு நான் டெல்ரின் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக் போட்டேன். உள்ளே தெரியாது, ஆனால் விரிசல் பயம் இல்லை.

மாட்டுவதைப் பற்றி ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். 2500கே மாட்டும் எல்ஜிஏ 1155 சாக்கெட் உள்ள போர்டில் நாலு துளையும் 75 மி.மீ. சதுரத்தில் இருக்கும். பிறகு வந்த எல்ஜிஏ 1700இல் அது 78. பழைய பிடிப்பட்டையில் துளையைக் கொஞ்சம் நீட்டினால் இரண்டுக்கும் ஆகும். நாலு திருகுக்கும் ஸ்பிரிங் போடுங்க, எதிரெதிர் மூலையாக அரைச் சுற்று அரைச் சுற்றாக முடுக்குங்க. ஒரே மூலையை முழுசாக முடுக்கினால், அவ்வளவு பாடுபட்டுத் தேய்த்த அடிப்பகுதி ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

பஸ்பார் துண்டு இன்னும் இரண்டு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு லீவு, மில்லிங் மெஷின் சும்மாதான் நிற்கும். கோவைப் பக்கம் இருக்கிறவர்கள் ஸாவை மட்டும் வாங்கிக்கொண்டு வாங்க. மெழுகுவர்த்தி இங்கே இருக்கிறது.