மணிவிழா மலரில் "நன்றி: இணையம்" என்று போட்டால் போதுமா?

கானாடுகாத்தான் வாசகி:
எங்கள் பக்கத்து மணிவிழா மலர் ஒன்றில் செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி ஒரு கட்டுரை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வீட்டின் பகுதி பகுதியாக நன்றாகத்தான் போகிறது. ஆனால் சுவர்ப் பூச்சு பற்றிய பத்திகள் ஒரு வலைப்பூவிலிருந்து எழுத்துக்கு எழுத்து எடுத்தவை. அதை எழுதியவர் வயதான கொத்தனார்களைத் தேடிப்போய்க் கேட்டு எழுதினார். மலரில் தொகுத்தவர் பெயர் பெரிதாக இருக்கிறது. அடியில் "நன்றி: இணையம்". இது திருட்டு என்கிறேன்.

பள்ளத்தூரான்:
திருட்டு பெரிய வார்த்தை ஆச்சி. மலரை யாரும் விற்கவில்லை, வந்தவர்களுக்குத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசியது ஊரறிந்த சங்கதி. அதற்கு யார் சொந்தம் கொண்டாட முடியும்? தொல்காப்பியரே "என்மனார் புலவர்" என்றுதானே சொன்னார்? எந்தப் புலவர் என்று பெயர் போட்டாரா?

காரைக்குடி ஆய்வு மாணவி:
அண்ணே, பெயர் போடாவிட்டாலும் "இது முன்னோர் சொன்னது" என்று வரிக்கு வரி ஒப்புக்கொண்டார், தன் கண்டுபிடிப்பாகக் காட்டவில்லை. மலரில் அதுதான் இல்லை.

வெள்ளைக்கரு, பர்மா தேக்கு, ஆத்தங்குடித் தரைக்கல் இவையெல்லாம் பொதுச் செய்தி; யாரும் எழுதலாம், மேற்கோள் வேண்டாம். ஒரு கொத்தனார் இன்னாரிடம் சொன்னது பொதுச் செய்தி ஆகாது. அதைக் கேட்டு எழுதிய வாக்கியங்கள் எழுதியவருடையவை. நாலு சொல்லை மாற்றி அதே வரிசையில் அடுக்கினாலும் அப்படித்தான்.

இன்னொன்று. "பத்து சதவீதம் வரை எடுக்கலாம்" என்று என்னோடு படிக்கிறவர்களே நம்புகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறையில் ஆய்வேடு அடுத்தவர் எழுத்தோடு 10% வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை, அவ்வளவுதான். அடுத்தவர் பத்தியைத் தூக்கிக்கொள்ள அது அனுமதிச் சீட்டு இல்லை. 60% தாண்டினால் ஆய்வுப் பதிவே ரத்தாகும்.

பள்ளத்தூரான்:
அது ஆய்வேட்டுக்கு. குடும்ப மலருக்குமா? எழுதியவர் இறந்து 60 வருஷம் ஆனால் சட்டமே எடுத்துக்கொள்ள விடுகிறது.

கோட்டையூர் கணக்கர்:
சட்டம் விடுவது அச்சிடத்தான் அண்ணே. அடுத்தவர் எழுதியதை நான் எழுதினேன் என்று சொல்லிக்கொள்ள அது வழிவிடவில்லை.

அலுவலகத்தில் இதைத் தினமும் பார்க்கிறேன். கடித வாசகம், அறிக்கைப் படிவம், விண்ணப்ப மாதிரி இவற்றை ஒருவரிடமிருந்து ஒருவர் எடுப்பதில் தவறே இல்லை, அதற்காகத்தான் வைத்திருக்கிறோம். ஆனால் கீழே இருக்கும் பையன் ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கை மேலாளர் தன் பெயரில் மேலே அனுப்பும்போது வயிறு எரிகிறது. "தயாரித்தவர்" என்று அவன் பெயரைப் போட ஒரு வரி போதும். அந்த ஒரு வரி இல்லாததால்தான் அடுத்த பதவி உயர்வில் அவனை யாருக்கும் தெரிவதில்லை.

கானாடுகாத்தான் வாசகி:
வாட்ஸ்அப்பில் "படித்ததில் பிடித்தது" என்று வருவதும் இதே கதைதான். எழுதியவர் பெயரை வெட்டியவர் யாரென்றே தெரியாது. பெயர் இல்லாமல் வந்தால் தேடிப் பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் "எழுதியவர் தெரியவில்லை" என்று போட்டே அனுப்புகிறேன்.

பள்ளத்தூரான்:
கணக்கர் சொன்ன பையன் விஷயத்தில் எனக்கும் மறுப்பில்லை, அது பிழைப்பைக் கெடுப்பது. மலரில் யாருக்கும் அப்படி நஷ்டம் வரவில்லை. ஆகவே திருட்டு என்பதை இன்னும் ஏற்கமாட்டேன். பெயர் விட்டுப்போனது குறைதான். மலர்ப் பிரதிகள் மீதம் இருக்கிறதாம். வலைப்பூக்காரர் பெயரையும் முகவரியையும் சீட்டாக அச்சடித்து உள்ளே ஒட்டச் சொல்லிப் பேசுகிறேன்.

கானாடுகாத்தான் வாசகி:
அந்தப் பக்கத்திலேயே ஒட்டச் சொல்லுங்கள் அண்ணே, கடைசி அட்டையில் வேண்டாம். அவருக்கும் ஒரு பிரதி அனுப்பச் சொல்லுங்கள்.