பல்செட்டு போட்டுக்கிட்டு ஏலம் கூவ முடியுமா? பழகுனவங்க சொல்லுங்க

பாம்பன்_ஏலக்காரன்:
வணக்கம். வயசு 58, கரையில மீன் ஏலம் விடுற வேலை. சுகரும் இருக்கு, வெத்தல பொயிலயும் இருந்துச்சு, ஈறு வீங்கி ரத்தம் வடிஞ்சு ஒவ்வொண்ணா ஆட ஆரம்பிச்சு கடைசில டாக்டர் எல்லாத்தயும் எடுத்துட்டாக. பொக்கை வாயோட இருந்தப்ப கூட இவ்வளவு கஷ்டம் தெரியல. இப்ப செட்டு வந்துருச்சு, மேல்செட்டு பரவால்ல, கீழ்செட்டு நாக்கு அசைஞ்சாலே தூக்குது. ‘ஆயிரத்து நூறு, ஆயிரத்து எரநூறு’னு வேகமா கூவுனா கடகடனு ஆடுது, நூறுங்கும்போது காத்துதான் வருது. அன்னைக்கு ஒரு வியாபாரி அதே மாதிரி கூவிக் காமிச்சாப்ல, கரையே சிரிச்சிச்சு, நானும் சேந்துதான் சிரிச்சேன். இப்ப தம்பி மகன் கூவுறான், நான் நோட்டு எழுதுறேன். பேத்தி பக்கத்துல வந்தா கை தன்னால வாய்க்கு போயிருது. பல்லு போனதுக்கு இப்படியா ஒரு ஆம்பள கெடந்து மறுகுவான்னு நெனைக்காதீக. சரியாகுமா?

கீழக்கரை_லாத்தா:
அண்ணே மறுகத்தான் செய்யும், அதுல என்ன வெக்கம். எங்க உம்மா செட்டு போட்ட புதுசுல முந்தானைய வாயில இருந்து எடுக்கவே மாட்டாங்க. எங்க ஊர் கல்யாணத்துல சஹன்ல நாலஞ்சு பேர் ஒரே தட்டுல உக்காந்து சாப்பிடணும், எல்லாரும் வாயத்தான் பாப்பாங்கனு வீட்டுலயே கஞ்சி குடிச்சிட்டு வந்து சும்மா கைய மட்டும் நனைப்பாங்க. அப்புறம் பழகிருச்சு. கறிய சின்னதா பிச்சு ரெண்டு பக்கமும் வச்சு மெல்லுவாங்க, ஒரு பக்கமா மென்னா மறுபக்கம் தூக்கிரும். முன்பல்லால எதையும் கடிக்கிறதில்ல. நண்டு மட்டும் நான் உடைச்சு சதைய எடுத்துக் குடுக்கணும், அதுல அவங்களுக்கு இப்பவும் கோவம்.

செட்டு_கட்டுறவன்:
ராம்நாட்டுல இந்த வேலைதான் பாக்குறேன். கீழ்செட்டு எல்லாருக்குமே தகராறுதான் அண்ணே. மேல்செட்டு அண்ணம் பூரா ஒட்டி நிக்கும், கீழ நாக்குக்கு எடம் விடணும்ல, பிடிமானம் கம்மி. பல்லு எடுத்த எடத்துல எலும்பு கரையும், முதல் வருஷம்தான் ரொம்ப, அதனால நல்லா இருந்த செட்டும் லூசாகும், உள்பக்கம் ஈறுக்குத் தக்கன புதுசா பூசி ரீலைன் பண்ணித் தருவாங்க. எங்கயாச்சும் குத்துனா நீங்களா அரம் போட்டுறாதீங்க, நெறைய பேர் பண்றாங்க. டாக்டர்ட்ட போறதுக்கு முந்தின நாள் மாட்டியிருந்தாத்தான் குத்துற எடம் செவந்து தெரியும். ராத்திரி கழட்டி பச்சத்தண்ணில போடுங்க, சுடுதண்ணில நெளிஞ்சிரும். பொயில போட்ட வாய்ங்கிறீங்க, எந்தப் புண்ணும் 2 வாரத்துல ஆறலைனா கட்டாயம் காட்டுங்க.

மண்டபம்_நாட்டுப்படகு:
சித்தப்பு, மெடிக்கல்ல ஒட்டுற பேஸ்ட்டு விக்கிறான், வாங்கித் தடவிட்டு கூவுங்க, எதுக்கு இவ்வளவு யோசனை.

செட்டு_கட்டுறவன்:
அளவு சரியா இருந்தா பேஸ்ட்டு கொஞ்சம் கைகுடுக்கும், லூசான செட்டுக்கு அத வச்சு ஓட்டக்கூடாது. ரொம்ப முடியலைனா கீழ தாடை எலும்புல திருகு மாதிரி ரெண்டு இம்பிளாண்ட் வச்சு அதுல செட்ட மாட்டலாம், செலவு ஆகும், சுகர் கட்டுக்குள்ள இருக்கணும்.

கீழக்கரை_லாத்தா:
உம்மா பேப்பர சத்தமா படிச்சுத்தான் பேச்சு திருந்துச்சு. நீங்க நம்பர கூவிப் பழகுங்க, மொதல்ல மெதுவா. ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் தடைக்காலம் வருதுல, விசைப்படகு போகாது, நாட்டுப்படகு மீன் மட்டும்தானே, கரையில கூட்டம் கம்மி. அப்ப நீங்களே நின்னு கூவிப் பாருங்க.

பாம்பன்_ஏலக்காரன்:
அது நல்ல ரோசனைம்மா. ரீலைனும் கேட்டுப் பாக்குறேன். நேத்து மொட்டமாடில ஆளில்லாத நேரம் கூவிப் பாத்தேன், பேத்தி எங்க இருந்தோ வந்து எரநூத்தம்பதுனு ஏலம் கேக்குறா. பேஸ்ட்டு எவ்வளவு வரும் தம்பி?

மண்டபம்_நாட்டுப்படகு:
வெல பாக்கல சித்தப்பு, சாயந்திரம் கேட்டு சொல்றேன். பொயில விட்டாச்சா?

பாம்பன்_ஏலக்காரன்:
நீ வெலைய மட்டும் கேளு.