கவசம் போட்ட ஜாக்கி சான்: முதிர்ச்சியா, சறுக்கலா?

தறிச்சத்தம்:
நேத்து ராத்திரி லிட்டில் பிக் சோல்ஜர் மூணாவது தடவையா பாத்தேன். 2010ல வந்த படம், டிங் ஷெங் டைரக்ஷன், கதை ஜாக்கியோடது. நம்ம ஆளுங்க ஜாக்கின்னாலே போலீஸ் ஸ்டோரி, ட்ரங்கன் மாஸ்டர், ரஷ் ஹவர்னு அந்த மூணுலயே சுத்திட்டு இருக்கோம், இதைப் பத்தி யாரும் பேசறதே இல்ல. ஐம்பது வயசுக்கு மேல அவர் சரித்திரப் படம் பக்கம் திரும்பினாரே, அதுதான் அவர் எடுத்ததுலயே நல்ல முடிவுன்னு நான் அடிச்சு சொல்வேன்.

பாக்காதவங்களுக்காக கொஞ்சம் கதை. சீனாவுல ஏழெட்டு நாடுங்க ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கிட்டிருந்த காலம், சின் அரசு எல்லாத்தையும் முழுங்கறதுக்கு கொஞ்சம் முன்னாடி. லியாங் படையும் வெய் படையும் மோதி ரெண்டு பக்கமும் சுத்தமா அழிஞ்சு போவுது, மிஞ்சறது ரெண்டே பேர். ஒருத்தன் வெய் நாட்டு இளம் தளபதி, அடிபட்டு கிடக்கறான், அது வாங் லீஹோம். இன்னொருத்தன் பேர்கூட இல்லாத ஒரு வயசான லியாங் சிப்பாய், அதான் ஜாக்கி. அவன் பொழச்சது வீரத்தால இல்ல, நெஞ்சுல அம்பு தைச்ச மாதிரி தெரியற ஒரு சாமான மாட்டிக்கிட்டு பொணத்தோட பொணமா படுத்துக்கிட்டான். இந்த தளபதிய கட்டி இழுத்துட்டுப் போய் ஒப்படைச்சா பரிசா நிலம் தருவாங்க, உழுது சாப்பிட்டுக்கலாம், அண்ணன் தம்பி எல்லாம் போர்ல போயாச்சு, நாமளாவது உசுரோட இருக்கணும், அவ்ளோதான் அவனுக்கு வாழ்க்கை.

இந்தக் கதைய அவர் இருபது வருஷமா மனசுல வெச்சிருந்தவர். முதல்ல அந்த இளம் தளபதியா தானே நடிக்கறதாதான் திட்டம். படம் எடுக்கறதுக்குள்ள வயசு ஐம்பத்தஞ்சு ஆயிடுச்சு, சரி நான் கிழட்டு சிப்பாய் பண்றேன்னு மாறிக்கிட்டார். எழுதினவனே தனக்குன்னு வெச்ச ஹீரோ வேஷத்த இன்னொருத்தருக்கு கொடுத்துட்டு சேத்துல புரள்ற வேஷத்த எடுத்துக்கறது சாதாரண விஷயமா?

விசிடிகாலம்:
//சரித்திரப் படம் பக்கம் திரும்பினாரே//

தம்பி, அவர் எப்பவும் அங்கதான் இருந்தார். ப்ராஜெக்ட் ஏ 1983, பிரிட்டிஷ்காரன் ஆண்ட ஹாங்காங், கடற்கொள்ளைக்காரன புடிக்கற கதை. மிரக்கிள்ஸ் 1989, அது 1930கள்ல நடக்குது. இதெல்லாம் சரித்திர சாகசம் இல்லாம என்ன? அப்போ பழைய காலம்னா அவருக்கு விளையாடற எடம், சைக்கிள், சந்து, மணிக்கூண்டு எதுவா இருந்தாலும் அதுல என்ன பண்ணலாம்னு பாப்பார். ப்ராஜெக்ட் ஏ-ல அந்த மணிக்கூண்டுல இருந்து ரெண்டு துணிப்பந்தல கிழிச்சிக்கிட்டு தரைல விழுவாரே, அத படத்துலயே ஒரு தடவைக்கு மேல காட்டுவாங்க, ஏன்னா அவர் அத ஒரு தடவைக்கு மேல செஞ்சிருக்கார். 2005க்கு அப்புறம் பழைய காலம்னா என்ன? கவசம், தாடி, குதிரை, நாட்டுப்பற்று, நீளமா ஒரு பேச்சு.

சின்ன வயசுலயே பீக்கிங் ஆபரா, அதாவது சீனப் பாரம்பரிய நாடகம் கத்துக்குடுக்கற ஸ்கூல்ல சேத்துவிட்டு பத்து வருஷம் அடிச்சு உதைச்சு வளத்த உடம்பு அது. அவர் நடிப்பே உடம்புலதான் இருக்கு. அடி வாங்கிட்டு கைய உதறுவார் பாருங்க, அந்த வலி, அந்த பயம், அதுதான் அவரோட வசனம். அந்த உடம்பு மேல பத்து கிலோ தகரத்த மாட்டி, மூஞ்சிக்கு கிட்ட கேமராவ வெச்சு, கண்ணுல தண்ணி வந்துச்சா உடனே முதிர்ச்சின்னு பேர் வெக்கறீங்க.

தறிச்சத்தம்:
நீங்க சொல்றது தி மித்துக்கு பொருந்தும்ணே, ஒத்துக்கறேன். 2005ல ஸ்டான்லி டாங் எடுத்தது, இந்தக் காலத்து தொல்லியல் ஆளா ஒரு வேஷம், சின் காலத்து தளபதி மெங் யீயா இன்னொரு வேஷம். தளபதி பகுதில கவசமும் சோகமும்தான், இந்தக் காலத்து பகுதில நம்ம ஹம்பிக்கு எல்லாம் வந்து பழைய ஜாக்கியா குதிப்பார். ரெண்டும் ஒட்டாது. ஆனா அது தொடக்கம். முதல் தடவை எல்லாமே சரியா வந்துடுமா?

மலைக்கோட்டை:
நான் உங்க ரெண்டு பேருக்கும் எதிர் கட்சி. வயசான ஆக்‌ஷன் நடிகர் சரித்திரப் படத்துல நிஜமா முதிர்ச்சி காட்டினது யாருன்னா ஜெட் லீ, தி வார்லார்ட்ஸ், 2007, பீட்டர் சான் டைரக்ஷன். பத்தொன்பதாம் நூற்றாண்டு சீனாவுல நடந்த தைப்பிங் கிளர்ச்சி காலம். ஜெட் லீ பண்ற தளபதி பாங், சரணடைஞ்ச வீரர்களுக்கு போட சோறு இல்லன்னு அத்தனை பேரையும் கொல்லச் சொல்றான். கூடப்பொறக்காத அண்ணன் தம்பின்னு சத்தியம் பண்ணினவங்களையே விட்டுக்கொடுக்கறான். அந்தாள வெறுக்கணும்னு தோணும், ஆனா அவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கேன்னு வயித்த பெசையும். ஹாங்காங் பிலிம் அவார்ட்ஸ்ல சிறந்த நடிகர் அவருக்குதான் கொடுத்தாங்க.

ஜாக்கியோட எந்த சரித்திர வேஷமாவது இந்த மாதிரி கெட்டதா? எல்லாமே தங்கமான மனுஷன். மெங் யீ விசுவாசி, டிராகன் பிளேட் படத்து ஹுவோ ஆன் சமாதானப் பிரியன், ஷாலின் படத்துல சமையல்கார சாமியார், பாவம் அப்பாவி. தறிச்சத்தம் அண்ணா, தாடி நரைச்சா முதிர்ச்சி ஆயிடாது. ஜனங்களுக்கு நம்மள பிடிக்காம போனாலும் பரவால்லன்னு ஒரு நடிகர் துணியணும். இவர் அதுக்கு துணியல.

கடல்நண்டு:
நடுவுல ஒரு விஷயம், இது தெரியாம பேசினா வாதம் ஒரு பக்கமாவே போகும். அவர் இந்தப் பக்கம் வந்ததுல பாதி வியாபாரம். 2003ல ஹாங்காங்குக்கும் சீனாவுக்கும் ஒரு பொருளாதார ஒப்பந்தம் போட்டாங்க, 2004ல இருந்து நடைமுறை. கூட்டுத் தயாரிப்பா எடுத்தா ஹாங்காங் படம் சீனாவோட சொந்தப் படம்னு கணக்கு, வெளிநாட்டுப் பட கோட்டால மாட்டாது. ஒரே நாள்ல கதவு தெறந்து அவ்ளோ பெரிய மார்க்கெட் கைக்கு வருது, எவன் விடுவான்? ஆனா அந்த சென்சார்ல பேய்ப் படம் போவாது, ஊழல் போலீஸ் கதைக்கு ஆயிரம் கேள்வி. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி நடந்த கதைன்னா யாருக்கும் பிரச்சனை இல்ல. அதோட 2002ல ஜெட் லீ நடிச்ச ‘ஹீரோ’ங்கற படம் அடிச்ச அடிக்கு அப்புறம் காசு போடறவன் எல்லாம் கவசம் போட்ட படம்தான் கேட்டான். அதனாலதான் ஜெட் லீ, ஆண்டி லாவ், டோனி யென், எல்லாரும் ஒரே நேரத்துல குதிரை ஏறினாங்க.

மலைக்கோட்டைக்கு ஒரு பதில். ஜாக்கி கெட்ட வேஷம் போட்டிருக்கார், ஷின்ஜுகு இன்சிடென்ட், 2009. டோக்கியோவுக்கு கள்ளத்தனமா போன கூலி ஆள், கடைசில கொலை வரைக்கும் போறான். ஒரு குங்ஃபூ அடிகூட இல்ல. ஆனா வன்முறை அதிகம், வெட்டினா படமே கெட்டுடும்னு அத சீனாவுல ரிலீஸே பண்ணல. மறுவருஷம் வந்ததுதான் லிட்டில் பிக் சோல்ஜர். அதுக்கப்புறம் அவர் ஏன் நல்லவனாவே நடிச்சார்னு இதுலயே ஓரளவு புரியும்.

பட்டுப்பாதை:
டிராகன் பிளேட தொடாம போறீங்களே. 2015, பட்ஜெட் 65 மில்லியன் டாலர்னு சொன்னாங்க, கோபி பாலைவனத்துல எல்லாம் ஷூட்டிங். எனக்கு ரொம்ப பிடிச்ச படம். ரோமன் படை வழிதவறி சீன எல்லைக்கு வந்துச்சுங்கற கதைய யாரு இவ்ளோ பெருசா எடுத்தாங்க? ஜான் குசாக் அந்தப் பக்கம், இவர் இந்தப் பக்கம், ரெண்டு படையும் அடிச்சிக்காம சேந்து இடிஞ்ச நகரத்த கட்டுவாங்க. ரோமானியன் அவன் தொழில்நுட்பத்த காட்டறான், இவங்க ஆள்பலத்த கொடுக்கறாங்க. சண்டைப்பட ஹீரோ ஒருத்தர் அறுபது வயசுல "சண்டை வேணாம்"னு படம் எடுக்கறது எனக்கு பெரிய விஷயம்.

விசிடிகாலம்:
சண்டை வேணாம்னு சொல்லிட்டு கடைசி அரைமணி நேரம் சண்டைதானே பட்டுப்பாதை? அந்த நகரம் கட்டற பகுதி நல்லாருக்கு, அத நானும் சொல்வேன், ஏன்னா அங்க மட்டும்தான் உடம்புங்க வேலை செய்யுது. மத்ததெல்லாம் பாட்டு, கொடி, கண்ணீர்.

சரித்திரம்னு வேற சொல்றோம். கி.மு. 53ல கார்ஹே போர்ல ரோமன் தளபதி க்ராஸஸ் தோத்தப்போ பிடிபட்ட ரோமானியருங்கதான் கான்சு மாகாணத்துல லீசியன் ஊர்ல குடியேறினாங்கன்னு ஹோமர் டப்ஸ்னு ஒரு ஆய்வாளர் போன நூற்றாண்டுல சொன்ன ஊகம் அது. தோண்டிப் பாத்ததுல ரோமன் பொருள்னு உறுதியா எதுவும் கிடைக்கல, டிஎன்ஏ ஆய்வும் கைகொடுக்கல. கற்பனையா எடுக்கட்டும், தப்பில்ல, நிஜக் கதைன்னு போர்டு மாட்டறதுதான் எனக்கு ஆகாது.

1911ங்கற படத்துக்கு வாங்க. சீனாவுல மன்னராட்சி கவுந்த புரட்சிக்கு நூறாவது வருஷம், ஜாக்கிக்கு நூறாவது படம்னு விளம்பரம், 2011. அந்தப் புரட்சித் தலைவர்கள்ல ஒருத்தரான ஹுவாங் ஷிங்கா நடிச்சார். நிஜ ஹுவாங் ஷிங் பொறந்தது 1874, புரட்சி நடந்தப்போ வயசு முப்பத்தாறு, முப்பத்தேழு. நடிச்சவருக்கு ஐம்பத்தேழு. வயசுக்கேத்த வேஷத்துக்கு மாறினார்னு நீங்க ஆரம்பிச்ச வாதம் அங்கயே ஒடையுது தம்பி. குவாங்சோ எழுச்சில விரல் போன மனுஷன், நாற்பத்திரண்டு வயசுலயே செத்துப்போனவர், அந்த இளமைதானே அந்தக் கதையோட வலி? அத தூக்கிட்டு பாடப்புத்தகம் மாதிரி தேதி தேதியா காட்டினா யார் அழுவான்?

தறிச்சத்தம்:
1911 விஷயத்துல வாயத் தெறக்க முடியல, அந்த வயசுக் கணக்கு எனக்கு தோணவே இல்ல, சரியாதான் சொல்றீங்க.

ஆனா உடம்பு பத்தி சொன்னீங்களே, அதுக்கு பதில் சொல்லாம விடமாட்டேன். லிட்டில் பிக் சோல்ஜர்ல அந்த சிப்பாய் யாரையும் ஜெயிக்கறதே இல்லண்ணே. ஓடறான், கல்ல எறியறான், ஒளியறான், செத்த மாதிரி நடிக்கறான், வாய்ல பொய் சொல்லி தப்பிக்கறான். இருபத்தொன்பது வயசு ஜாக்கி மணிக்கூண்டுல இருந்து விழுந்தப்போ எந்திரிச்சுடுவான்னு நமக்கு தெரியும். இங்க தெரியாது. அந்த உடம்பு களைச்சுப்போன உடம்பு, அந்தக் களைப்ப மறைக்கல, அதையே சண்டையா மாத்தியிருக்கார். நீங்க உடம்புதான் நடிப்புன்னு சொல்றீங்க, நானும் அதையேதான் சொல்றேன், உடம்பு மாறினா நடிப்பும் மாறணும்ல? எங்கப்பா நாப்பது வருஷம் தறி ஓட்டினவர், இப்போ பாவு இழுக்கறப்போ வேகம் இல்ல, ஆனா எந்த இழை அறும்னு அறுறதுக்கு முன்னாடியே கை போவும். அந்த மாதிரி ஒண்ணு அந்தப் படத்துல இருக்கு.

ஷாலின்லயும் அப்படித்தான். அவர் கொஞ்ச நேரம்தான் வர்றார், ஆண்டி லாவ்தான் ஹீரோ. தனக்கு குங்ஃபூ தெரியாதுன்னு நம்பற சமையல்காரர், சமையல்ல தெனம் பண்ற அசைவையே வெச்சு ஆளுங்கள சமாளிப்பார். படம் முழுக்க இருட்டா போகும், அவர் வந்தா மட்டும் ஒரு வெளிச்சம். ஹீரோவா வரணும்னு அடம்பிடிக்காத ஒரு நடிகர் அது.

மலைக்கோட்டை:
இத முதல்லயே சொல்லியிருந்தா நான் இவ்ளோ எதிர்த்திருக்கமாட்டேன். ஆனா அண்ணா, அதே மனுஷன் 2024ல என்ன பண்ணினார்? எ லெஜண்ட். தி மித்தோட தொடர்ச்சின்னு அதே ஸ்டான்லி டாங். ஹான் காலத்து இளம் தளபதி வேஷம், எழுபது வயசுல. ஏஐ வெச்சு மூஞ்சிய இருபத்தேழு வயசா மாத்தினாங்க. வேற ஒரு ஆளோட உடம்பு, மேல ஜாக்கியோட பழைய மூஞ்சி, கண்ணு மட்டும் எங்கயோ பாக்குது. எனக்கு பயமா இருந்துச்சு, நிஜமா. சீனாவுலயே ஓடல.

பதினாலு வருஷம் முன்னாடி இளைஞன் வேஷத்த விட்டுக்கொடுத்தார்னு பெருமையா சொன்னீங்களே, அதே வேஷத்த மெஷின வெச்சு திரும்ப பிடுங்கிக்கிட்டார். இதுக்கு என்ன சொல்றீங்க?

கடல்நண்டு:
அது நெஞ்சு வலிச்ச படம். தயாரிப்பாளர் கேட்டார், டைரக்டர் கேட்டார்னு எதுவேணா சொல்லலாம், கடைசில ஒத்துக்கிட்டது அவர்தான். அதுலயும் 2023ல ரைடு ஆன் படத்துல ஒதுக்கப்பட்ட கிழட்டு ஸ்டண்ட்மேனா நடிச்சு, தன்னோட பழைய ஸ்டண்ட் காட்சிகள மகளோட உக்காந்து பாத்து அழுவார், நானும் அழுதேன். அடுத்த வருஷமே அந்த பழைய மூஞ்சிய எடுத்து மாட்டிக்கிட்டா எப்படி தாங்கறது.

தறிச்சத்தம்:
எ லெஜண்ட் நான் பாதிலயே நிறுத்திட்டேன் சகோ. அதுக்கு வாதாட என்கிட்ட ஒண்ணும் இல்ல. ஆனா அது தப்புன்னு நமக்கு ஏன் உடனே உறைக்குது? வயசோட அவர் நல்லா நடிச்சு நாம ஏற்கனவே பாத்துட்டோம், அதனாலதான். நல்லது ஒண்ணு இருந்தது, பின்னாடி அவரே அத விட்டுட்டார். விட்டதுனால அது இல்லாம போயிடுமா?

விசிடி அண்ணே, நீங்க லிட்டில் பிக் சோல்ஜர் பாத்தீங்களா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க.

விசிடிகாலம்:
ரெண்டு நாள் கழிச்சு வரேன், மன்னிக்கணும். உண்மைய சொல்லணும்னா முழுசா பாத்ததில்ல, போஸ்டர்ல அழுக்குக் கவசத்த பாத்தே ஒதுக்கிட்டேன். இப்போ பாத்துட்டேன், சப்டைட்டிலோட.

கடைசில அவன் தளபதிய விட்டுட்டு, லியாங் மேல படை எடுக்கமாட்டேன்னு வாக்கு வாங்கிட்டு ஊருக்கு போறான், போனா ஊரே சின்காரன் கைல. அவனுக்கு நாடும் இல்ல, பேரும் இல்ல, ஒரு லியாங் கொடி மட்டும் இருக்கு. படம் முழுக்க செத்த மாதிரி நடிச்சு தப்பிச்சவன் அந்த ஒரு எடத்துல ஒளியல, கொடிய தூக்கிட்டு நிக்கறான், அம்பு வருது. இந்தத் தடவை அது பொய் அம்பு இல்ல. ஒரு பேச்சும் கிடையாது. நான் எந்திரிச்சுப் போய் மூஞ்சி கழுவிட்டு வந்து திரும்ப அந்த எடத்த மட்டும் ஓட்டிப் பாத்தேன்.

டிராகன் பிளேட், 1911 பத்தி நான் சொன்னதுல ஒரு வார்த்தைகூட மாத்தமாட்டேன். இந்தப் படத்த மட்டும் ப்ராஜெக்ட் ஏ பக்கத்துல வெக்கறேன்.

மலைக்கோட்டை, நீ சொன்ன வார்லார்ட்ஸ் நல்ல பிரிண்ட் எங்க இருக்கு? ஞாயித்துக்கிழமை பாத்துட்டு வந்து உன்கூட சண்டை போடறேன்.