புதுப்பிப்பு: செப்பாங்கில் பிரேக் பெடல் மெத்தென்று இறங்கியது சரியாகிவிட்டது

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. நான் கேட்டது இதுதான்: தினமும் வேலைக்கு ஓட்டும் டொயோட்டா 86 கார், மலேசியாவின் செப்பாங் ரேஸ் டிராக்கில் சில சுற்று போனதும் பெடல் மெத்தென்று இறங்குகிறது, பெரிய பிரேக் கிட் வாங்க வேண்டுமா?

தேவைப்படவில்லை. "முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள், அப்புறம் பிரேக் பேட்" என்ற யோசனைதான் வேலை செய்தது. வெளியே எடுத்த பழைய பிரேக் ஆயில் தேயிலைச் சாயம்போல இருந்தது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தர வகை ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறினால் 140 வரை இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி, மிதித்தாலும் அழுத்தம் போய்ச் சேராது. 300 டிகிரியைத் தாண்டும் ரேசிங் டாட் 4 ஊற்றி, நான்கு சக்கரத்தின் பிரேக்கிலும் உள்ளே இருந்த காற்றை வெளியேற்றினோம். நீண்ட நேர்ப்பாதை முடிந்து வரும் 15ஆவது வளைவில் இப்போது கடைசிச் சுற்றிலும் பெடல் அதே உயரத்தில் நிற்கிறது.

எதிர்பாராதது, அடுத்துப் போட்ட டிராக் பேடுதான் (டிராக் ஓட்டத்துக்கான பிரேக் கட்டை). சூடேறினால் அருமையான பிடி. ஆனால் காலையில் வண்டியை எடுத்ததும் நிற்கத் தயங்குகிறது, சிக்னலில் கிறீச்சிடுகிறது, ரிம் முழுக்கக் கறுப்புத் தூள். அதனால் தினசரி ஓட்டத்துக்குப் பழைய பேடையே போட்டுவிட்டு, டிராக்குக்கு முந்தைய நாள் மாற்றுகிறேன்.

ரேசிங் ஆயிலை வருடம் ஒருமுறையாவது மாற்றுங்கள். டாட் 5 மட்டும் ஊற்றாதீர்கள். அது சிலிகான், இதோடு சேராது.